நல்ல தண்ணி, உப்புத் தண்ணி

கோவையில் பெரும்பாலான வீடுகளில் இரண்டு குழாய் உண்டு. ஒன்றில் நல்ல தண்ணி வரும். அது சிறுவாணியாகவோ பில்லூராகவோ இருக்கும். குறிச்சி, குனியமுத்தூர் பக்கமானால் ஆழியாறு. மற்றதில் உப்புத் தண்ணி, அதாவது வீட்டு போர்வெல்லில் ஏறுவது. முதலாவது குடிக்கவும் சமைக்கவும். துணி துவைக்க, வண்டி கழுவ, வாசல் தெளிக்க இரண்டாவது. புதிதாக மீன்தொட்டி வாங்கி வருபவர் இந்த வரிசையில் மீனை எங்கே வைப்பார் என்று சொல்லத் தேவையில்லை. சில நாளுக்கு ஒருமுறை வரும் நல்ல தண்ணியில் அரை டிரம்மை மீனுக்கு ஊற்ற யாருக்கு மனசு வரும்?

வண்ணமீன் கடையில் ஞாயிற்றுக்கிழமை மாலை கொஞ்ச நேரம் நின்றால் இப்படி ஒரு பேச்சு காதில் விழும்.

"ஏனுங்ண்ணா, போன வாரம் வாங்கிட்டுப் போன மீனு ஒண்ணுகூட மிச்சமில்லீங்க."

"என்ன தண்ணிங்க ஊத்துனீங்க?"

"போர் தண்ணிதானுங்க."

"அதுக்குத்தானுங்க சொல்றது, நல்ல தண்ணி ஊத்துங்கன்னு."

அடுத்து வருபவர் சிறுவாணித் தண்ணியே ஊற்றியிருப்பார். அவருடைய மீனும் போயிருக்கும். அவரிடம் கடைக்காரர், "குளோரின் போயிருக்காதுங்க" என்பார். இரண்டு பதிலிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இருவர் வீட்டு மீனையும் கொன்றது அனேகமாக ஒரே பொருள். அது எந்தக் குழாயிலும் வரவில்லை. மீனிடமிருந்தே வந்தது.

நாம் தின்னும் புரதத்தில் மிஞ்சுகிற நைட்ரஜனை நம் உடம்பு யூரியாவாக்கி வெளியேற்றுகிறது. யூரியா செய்ய உடம்புக்குச் செலவு உண்டு. சுற்றிலும் தண்ணீரே இருக்கும் மீனுக்கு அந்தச் செலவு எதற்கு? அம்மோனியாவாகவே செவுள் வழியாக விட்டுவிடுகிறது. ஆற்றில் அது கரைந்து, நீர்த்து, போன இடம் தெரியாமல் போகும். தொட்டியில் அது போக வேறு இடமில்லை.

எவ்வளவு சேரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்பதுதான் முதல் தொட்டிக்கு வழக்கமான அளவு. விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர் பிடிக்கும். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டர் நிற்கும். ஒரு நாளைக்கு ஒரு கிராம் குருணைத் தீவனம் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், கால் தேக்கரண்டி. அதில் 40 சதவீதம் புரதம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக 64 மில்லிகிராம் நைட்ரஜன் தொட்டிக்குள் போகிறது. அதில் பாதி மீனின் உடம்பில் தங்கிவிட்டாலும், மீதி 32 மில்லிகிராம் தண்ணீரில் கலக்கிறது. லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். இது ஒரே ஒரு நாள் கணக்கு.

இந்த 0.7 மீனைக் கொல்லுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல, நீங்கள் எந்தக் குழாயைத் திறந்தீர்கள் என்று தெரிய வேண்டும். நீரில் அம்மோனியாவுக்கு இரண்டு வடிவம். ஹைட்ரஜன் அயனி ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் அது அம்மோனியம். மின்னூட்டம் ஏறியதால் செவுளின் சவ்வைக் கடந்து உள்ளே போக அதற்குச் சுலபமாக வழியில்லை. அயனி சேராத தனி அம்மோனியாவோ தடையில்லாமல் உள்ளே போகும். விஷம் அதுதான். எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பி.எச். முடிவு செய்கிறது. 28 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருந்தால் 150 பங்கில் ஒரு பங்குதான் விஷ வடிவம். பி.எச். 8 ஆனால் 15இல் ஒரு பங்கு. லிட்டருக்கு 0.02 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது மீன் வளர்ப்பில் பொதுவான வழக்கம். நம் ஒரு நாள் கழிவு, பி.எச். 7இல் அந்த எல்லையில் கால்வாசி, பி.எச். 8இல் எல்லையைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அதே மீன், அதே தீவனம்.

இனி நம் இரண்டு குழாய்களுக்கு வருவோம். ஆர்.எஸ்.புரத்துக்குப் பெயர் தந்த ரத்தினசபாபதி முதலியார் நகராட்சித் தலைவராக இருந்து கொண்டுவந்த சிறுவாணித் தண்ணீர், ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக இந்த ஊரின் பெருமை. அதன் ருசிக்குக் காரணம் அதில் அதிகமாக எதுவும் இல்லாததுதான். மேற்கு மலையில் பெய்யும் மழை காட்டு மண்ணில் இறங்கி, பழங்காலக் கடினப் பாறை மேல் வழிந்து, சீக்கிரமே அணைக்கு வந்துவிடுகிறது. பாறையைக் கரைக்க அதற்கு நேரமில்லை. போர் தண்ணீருக்கு நேரம் தாராளம். பல நூறு அடி ஆழத்தில், சில இடங்களில் ஆயிரம் அடியும் தாண்டி, பாறை வெடிப்புகளில் ஆண்டுக்கணக்கில் தங்கி, கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட், குளோரைடு எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. மதுக்கரைப் பக்கம் சிமென்ட் ஆலை நடத்தும் அளவுக்குச் சுண்ணாம்புக்கல்லே இருக்கிறது. போர் தண்ணீரின் பி.எச். பெரும்பாலும் 7.5க்கு மேல்; 8ஐத் தொடுவதும் உண்டு. ஆகவே போர் தண்ணீரைக் குறை சொன்ன கடைக்காரர் முழுக்கத் தப்பில்லை. புதுத் தொட்டியில் அது அம்மோனியாவைக் கூர்தீட்டிக் கொடுக்கிறது.

அப்படியானால் சிறுவாணி ஊற்றியவர் ஏன் தப்பவில்லை? அதற்கு நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு தந்தை, மகன் கதைக்குள் போய்வர வேண்டும்.

லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850இல், ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீன், கொஞ்சம் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி, சில நத்தை ஆகியவற்றை வைத்துத் தண்ணீர் மாற்றாமலே வளர்த்துக் காட்டினார். செடி ஆக்சிஜன் தருகிறது, மீன் சுவாசிக்கிறது, அழுகுவதை நத்தை தின்கிறது, கணக்கு நேர் என்பது அவருடைய விளக்கம். இன்றைய வீட்டு மீன்தொட்டிக்கு அதுதான் முன்னோடி. ஆனால் விளக்கத்தில் பாதிதான் இருந்தது. மீதியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் அவருடைய மகன். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்.

நடுவில் பாரிசில் ஒரு சோதனை. 1877இல் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற இருவர், சுண்ணாம்புக்கல் கலந்த மணலை ஒரு நீண்ட குழாயில் நிரப்பி, அதன் வழியே சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். இருபது நாள் வரை உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. பிறகு நைட்ரேட்டு தலைகாட்டியது. கொஞ்ச நாளில் அம்மோனியாவே காணோம். குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், மாற்றம் நின்றது. தோட்டத்து மண் கரைசலைக் கொஞ்சம் ஊற்றினார்கள், மறுபடி தொடங்கியது. மணலில் ஏதோ உயிர் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மகன் வாரிங்டன் இதைத் தொடர்ந்து, வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது என்று காட்டினார்: அம்மோனியாவிலிருந்து நைட்ரைட்டு, அதிலிருந்து நைட்ரேட்டு. அந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுக்கும் போட்டியில் 1890இல் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி முந்திக்கொண்டார். அப்பா கட்டிய தொட்டி எதனால் ஓடியது என்பதை மகன் வயல் மண்ணில் கண்டுபிடித்தார் என்று சொன்னால் ரொம்பத் தப்பில்லை.

இதில் இன்னும் முடிவுரை எழுதப்படவில்லை என்பது எனக்குப் பிடித்த செய்தி. இரண்டு கட்டத்துக்கும் இரண்டு வகை பாக்டீரியா வேண்டும் என்று நூறு ஆண்டுக்கு மேல் பாடப்புத்தகம் சொல்லி வந்தது. 2015இல் இரண்டையும் ஒரே உடம்பில் செய்யும் நைட்ரோஸ்பைரா இனங்களை இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில் அறிவித்தன. அதில் நெதர்லாந்துக் குழுவுக்கு அது கிடைத்த இடம், மீன் வளர்ப்புத் தொட்டி ஒன்றின் வடிகட்டி.

பாரிஸ் சோதனையில் மணலோடு சுண்ணாம்புக்கல் ஏன் என்பதைப் பலரும் படித்துக் கடந்துவிடுவார்கள். கோவைக்காரர் கடக்கக் கூடாது. அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் வேலையில் அமிலம் பிறக்கிறது. அந்த அமிலத்தைத் தாங்கிக்கொள்வது நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட். ஒரு மில்லிகிராம் அம்மோனிய நைட்ரஜன் மாறினால், கால்சியம் கார்பனேட் கணக்கில் 7 மில்லிகிராம் காரத்தன்மை தீர்ந்துபோகும். நம் தொட்டியில் தினமும் 0.7, ஆக லிட்டருக்கு 5 மில்லிகிராம் காலி. போர் தண்ணீரில் இந்தக் கையிருப்பு நூற்றுக்கணக்கில் இருக்கும், கவலையில்லை. மென்மையான மலைத் தண்ணீரில் 20, 30 தான் இருக்கிறது என்றால் ஒரு வாரம் தாங்காது. பி.எச். 6ஐ நோக்கி இறங்கும். அந்த அமிலத்தில் பாக்டீரியா மந்தமாகி ஏறக்குறைய நின்றேவிடும்.

இதில் வேடிக்கை, மீன் அப்போது சாகாது. பி.எச். 6இல் அம்மோனியா முழுக்க அம்மோனியமாகவே கிடக்கிறது. நாளுக்கு நாள் சேர்கிறது, யாரையும் ஒன்றும் செய்வதில்லை. தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் பாராட்டுவார்கள். பிறகு ஒரு நாள் குழாய் பராமரிப்பு என்று நல்ல தண்ணி வரத் தாமதமாகும். தொட்டியோ சுத்தம் செய்து ரொம்ப நாளாகிவிட்டது. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, போர் குழாயைத் திறந்து நிரப்புவார்கள். பி.எச். 6இலிருந்து 7.8க்கு ஒரே தாவல். மொத்த அம்மோனியா பாதியாகக் குறைந்தும், அதில் விஷ வடிவம் முப்பது மடங்காகிவிடும். இரவுக்குள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து நிற்கும். செவுள் சிவந்து வெந்தமாதிரி இருக்கும். காலையில் மிதக்கும். உப்புத் தண்ணி கொன்றுவிட்டது என்று வீடே சொல்லும். ஒன்றிலேயே நின்றிருந்தால் இரண்டுமே பரவாயில்லை. மாற்றி ஊற்றியதுதான் வினை.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, நாமக்கல் பக்கம் முட்டைக்கோழித் தீவனத்தில் ஓடு கெட்டியாக இருக்கக் கலப்பார்களே, அந்தக் கிளிஞ்சல் குருணை. கால்நடைத் தீவனக் கடையில் கிடைக்கும். இரண்டு கைப்பிடியை நன்றாக அலசி, வலைப்பையில் கட்டித் தொட்டியில் போட்டுவிட்டால், அமிலம் ஏறும்போது அதுவே கரைந்து தாங்கும். பாரிஸ் குழாயின் சுண்ணாம்புக்கல் செய்த வேலைதான். இன்னொன்று, மூன்று பங்கு நல்ல தண்ணி, ஒரு பங்கு உப்புத் தண்ணி என்று ஒரு விகிதம் வைத்துக்கொண்டு, எப்போதும் அதே விகிதத்தில் ஊற்றுவது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். இரண்டு குழாயும் ஒரே வீட்டில் இருக்கும் வசதி எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். அதில் தாங்குவதற்கு அனேகமாக எதுவுமே இல்லை. ஆர்.ஓ. விற்க வந்தவர் காட்டியதிலிருந்து பல வீட்டில் டி.டி.எஸ். பேனா ஒன்று கிடக்கிறது. அது மொத்தக் கரைபொருளைச் சொல்லும், அம்மோனியாவைச் சொல்லாது. பேனாவில் 80 காட்டும் தண்ணீரிலும் மீன் சாகலாம், 800 காட்டும் தண்ணீரிலும் கப்பி குட்டி போடலாம்.

இனி தொட்டியைத் தொடங்கும் முறை. தண்ணீர் மட்டும் நாற்பத்தைந்து கிலோ, கண்ணாடி, கல் எல்லாம் சேர்த்து எழுபது கிலோவை நெருங்கும், டி.வி. ஸ்டாண்டு தாங்காது. வெயில் நேரே விழும் ஜன்னலோரம் வேண்டாம். வடிகட்டிக்குக் குப்பி குப்பியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். பம்புக்குப் பெயர் போன ஊரில் இதை விளக்குவது சுலபம். குழாய்க்குள் ஏறும் காற்றுக் குமிழி அங்கிருக்கும் நீரை லேசாக்குகிறது, வெளியே இருக்கும் கனமான நீர் அதை மேலே தள்ளுகிறது, அதன் இடத்துக்கு ஸ்பாஞ்ச் வழியாக நீர் உள்ளே வருகிறது. அந்த ஸ்பாஞ்சின் துளைகளில்தான் நம் பாக்டீரியா குடியேற வேண்டும்.

மீனில்லாமல் தினமும் ஒரு சிட்டிகைத் தீவனத்தைப் போட்டு அழுகவிட்டுக் காத்திருந்தால் நான்கு முதல் ஆறு வாரத்தில் குடியேறிவிடும். அவ்வளவு பொறுமை இல்லாதவர், நன்றாக ஓடும் ஒரு நண்பரின் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி வரலாம். தயிருக்கு உறை ஊற்றுவதுதான். பாதிக் காலம் மிச்சம். வரும் வழியில் அது காய்ந்துவிடக் கூடாது.

அம்மோனியா சோதனைக் குப்பி ஒன்று அவசியம். சின்னச் சோதனைக் குழாயில் ஐந்து மில்லி தொட்டி நீர், அதில் மருந்துச் சொட்டு, ஐந்து நிமிடம் காத்திருப்பு. அம்மோனியா இல்லாவிட்டால் எலுமிச்சை மஞ்சள். ஏறஏறப் பச்சை பூக்கும், வெளிறிய பச்சையிலிருந்து வாழையிலைப் பச்சை வரை. முதல் வாரத்தில் பச்சை அடர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில், நீங்கள் எதுவும் செய்யாமலே, அது மஞ்சளுக்குத் திரும்பும். அன்றைக்கே மீன் வாங்க ஓடிவிடாதீர்கள். நைட்ரைட்டுச் சோதனை அப்போது ஊதா காட்டிக்கொண்டிருக்கும். நைட்ரைட்டு இரத்தத்தின் ஹீமோகுளோபினைக் கெடுத்து ஆக்சிஜன் ஏற விடாது. கடைக்காரர்கள் "ஒரு பிடி கல்லுப்புப் போடுங்க" என்பதில் ஞாயம் உண்டு. உப்பின் குளோரைடு செவுள் வாசலில் நைட்ரைட்டோடு போட்டியிட்டு அதை உள்ளே விடாமல் தடுக்கும். போர் தண்ணீரில் அந்தக் குளோரைடு இயல்பாகவே இருக்கிறது என்பதையும் அதன் நல்ல கணக்கில் எழுத வேண்டும்.

குளோரின் பெரிய பிரச்சினையில்லை. திறந்த டிரம்மில் ஓரிரவு வைத்தால் போய்விடும். அவசரமென்றால் ஹைப்போ என்னும் சோடியம் தயோசல்பேட் படிகம் ஒன்றிரண்டு. ஆனால் அழுக்கான ஸ்பாஞ்சை நேரே குழாயடியில் பிழியக் கூடாது. ஆறு வாரம் வளர்த்தது ஆறு நிமிடத்தில் போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழியுங்கள்.

கோவைக்கு ஹீட்டர் வேண்டுமா என்று கேட்பார்கள். கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். டிசம்பர், ஜனவரி இரவுகளில் 18 டிகிரிக்கு இறங்கும். சென்னைக் கொளத்தூரின் வெக்கையில் வளர்ந்து பஸ் ஏறி வந்த மீனுக்கு அந்த ஏற்ற இறக்கம் ஆகாது. உடம்பெல்லாம் ரவை தூவியதுபோல வெண்புள்ளி நோய் வருவது பெரும்பாலும் அப்போதுதான். ஐம்பது வாட் ஹீட்டர், 26 டிகிரியில், மழைக்காலம் முடிந்து சிவராத்திரி வரை போதும். ஆடிக் காற்றில் வேறொரு தொல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று திறந்த தொட்டியின் நீரை உறிஞ்சும். நீர்தான் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. வாரம் பத்தில் ஒரு பங்கு குறைகிறதே என்று போர் தண்ணீரை ஊற்றி நிரப்பிக்கொண்டே வந்தால், பத்து வாரத்தில் உப்பு இரண்டு மடங்கு. குறைந்ததை நிரப்ப நல்ல தண்ணி. வாரம் கால் பங்கை இறைத்து மாற்றும்போது உங்கள் வழக்கமான கலவை.

முதல் மீன் எது? வாஸ்துவுக்காக எட்டுத் தங்கமீனும் ஒரு கருப்பு மீனும் கேட்பவர்களிடம் வாதாடிப் பயனில்லை. ஒன்றே ஒன்று சொல்லலாம், இரண்டடித் தொட்டியில் ஒன்பது தங்கமீன் போட்டால் எந்த மூலையில் வைத்தாலும் அம்மோனியாதான் வரும். தங்கமீன் வெப்பமண்டல மீனும் அல்ல. போர் தண்ணீர் கலவைக்கு கப்பி, பிளாட்டி, மோலி அருமையாகப் பொருந்தும். கப்பி தென்னமெரிக்க, டிரினிடாட் மீன். கொசுப்புழு தின்னட்டும் என்று 1908இலேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். சிறுவாணிக்கு நியான் டெட்ரா. முதலில் ஐந்தாறு மீன். அடுத்த ஐந்தாறு, மூன்று வாரம் அம்மோனியா மஞ்சளாகவே நின்ற பிறகு.

நம் ஆற்று மீனுக்கும் இதில் இடமுண்டு. காவிரி வடிநிலத்தில் வாழும் ஒரு கெண்டையினத்தை 1849இல் ஜெர்டன் என்ற ஆங்கிலேயர் அருலியஸ் என்ற பெயரில் விவரித்தார். முதுகுத் துடுப்பில் இழை இழையாக நீளும் அழகுக்காக வெளிநாட்டுத் தொட்டிகளில் அதற்கு நல்ல மதிப்பு. 2012இல் இலங்கை ஆய்வாளர்கள் அதையும் உறவு மீன்களையும் தனிப் பேரினமாக்கி, பரிணாம எழுத்தாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் பெயரில் டாக்கின்சியா என்றார்கள். விரல் நீளத்தைத் தாண்டி வளரும்; கூட்டமாக நீந்தும்; நான்கடித் தொட்டி இருந்தால் யோசிக்கலாம். பண்ணையில் பெருக்கியதை மட்டும் வாங்குங்கள். ஓடையில் வலை வீசுவது எப்படி முடியும் என்பதற்குக் கேரளத்தின் மிஸ் கேரளா மீன் இருக்கிறது. மீன்தொட்டி வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்தே அது இன்று அழிவுநிலைப் பட்டியலில் நிற்கிறது.

டேங்க் கிளீனர் என்று விற்கும் கருப்புப் புள்ளிச் சக்கர் மீனை வாங்காதீர்கள். கையளவில் இருக்கும்போது பாசி தின்னும். ஒன்றரை அடி வளரும்போது தொட்டியே அதற்குக் கட்டில் ஆகிவிடும். அப்போது பலர் அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு பக்கத்துக் குளத்துக்குப் போகிறார்கள். நொய்யலால் நிரம்பும் உக்கடம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர் குளங்கள் ஆற்றோடு வாய்க்காலால் இணைந்தவை. தமிழ்நாட்டின் பல ஏரிகளில் இந்த மீன் வலையைக் கிழித்துக்கொண்டு பெருகிக் கிடக்கிறது. விலைக்கு வாங்க ஆளில்லை, கரையில் எறிந்துவிட்டுப் போகிறார்கள் மீனவர்கள். வளர்ந்து பெரிதானதையும், கப்பி போட்டுத் தள்ளும் குட்டிகளையும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாகக் கொஞ்சம் தீவனமோ இரண்டு கொத்துச் செடியோ தருவார்கள்.